லூர்துவின் கட்டிலுக்கு வந்த இளநீர்

கெடா மாநிலத்துப் பாக்கார் ஆராங்கில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கடைவரிசையின் மாடியில் ஒரு டயாலிசிஸ் நிலையம் இருக்கிறது. போன மாதம் அங்கே ஆண்டு விழா. பழைய நர்ஸ் என்று என்னையும் அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடையும் போர்த்தினார்கள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஓர் இளம் நர்ஸ் எழுந்து, சிறுநீரக சிகிச்சை அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று பேசினாள். திரையில் ஒரு வரி வந்தது. ‘எழுபது எண்பதுகளில் தோட்டப்புற மக்களின் அறியாமையால் பல உயிர்கள் பறிபோயின.’

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து, பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் அந்தப் பெண்ணே தேடி வந்தாள். நல்ல பிள்ளை, குணத்தில் ஒரு குறையும் இல்லை. “ஏன் ஆன்ட்டி கோவிச்சிக்கிட்டு வந்துட்டீங்க? விழா மலருக்கு நீங்களே ஒன்னு எழுதிக் குடுங்க லா, ரெண்டு பக்கம் போதும்” என்றாள்.

இது இரண்டு பக்கத்தில் அடங்காது. போடுவதானால் முழுதாகப் போடுங்கள். வெட்டுவதானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான் பீடோங்கில் பிறந்தவள். பினாங்கில் பயிற்சி. படுக்கை விரிப்பது, ஊசி போடுவது, மேட்ரனைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கி நிற்பது எல்லாம் அங்கே கற்றதுதான். பாடப் புத்தகங்கள் இங்கிலாந்தில் அச்சானவை. அதில் வரும் நோயாளிகள் கம்பளி போர்த்திக்கொண்டு சூப் குடிப்பார்கள். பயிற்சி முடிந்ததும் கெடாவுக்கே மாற்றல் கேட்டு வந்துவிட்டேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகுட்டிகள் இன்னும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

இன்றைக்குப் போல அன்று தெருவுக்குத் தெரு மெஷின் கிடையாது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் ஃபெரி ஏறிப் போகவேண்டிய தூரத்தில் இருந்தது. அங்கும் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாள்பட்டுக் கெட்ட சிறுநீரகத்தோடு ஒரு தோட்டத் தொழிலாளி வந்தால், வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் திடீரென்று கெட்டுப் போன சிறுநீரகத்தின் கதை வேறு. அது செத்துப் போவதில்லை, உறங்கிப் போகிறது. சில வாரம் ஆளைக் காப்பாற்றி வைத்திருந்தால் அதுவே விழித்துக்கொள்ளும். அந்தச் சில வாரத்துக்காக வயிற்றில் திரவம் ஊற்றிக் கழுவும் வைத்தியம் எங்கள் வார்டில் நடந்தது. அதைச் செய்தவர் டாக்டர் நாதன்.

அவர் கையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதுபோல ஒரு கையை நான் பிறகு பார்த்ததில்லை. தொப்புளுக்குக் கீழே மரத்துப் போக ஊசி போடுவார். கத்தி முனையால் ஒரு சின்னக் கீறல். உள்ளே இரும்புக் கம்பி வைத்த கெட்டியான குழாயை அந்தக் கீறலில் நிறுத்தி, நோயாளியைத் தலையை மட்டும் தூக்கச் சொல்லுவார். தலையைத் தூக்கினால் வயிறு இறுகும். அந்த இறுக்கத்தில் ஒரு திருகு, ஓர் அழுத்து. உள்ளே போய்விட்டது அவர் கைக்குத் தெரியும். உடனே கம்பியை உருவிவிட்டுக் குழாயை மட்டும் இடுப்புப் பக்கமாகச் சரித்து இறக்குவார். குடலில் ஒரு தடவைகூடப் பட்டதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வேலை. பாட்டில்களை வெந்நீர் பேசினில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வயிற்றுக்குள் இறக்க வேண்டும். கிளிப்பைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிறகு தரையில் வைத்த பாட்டிலுக்குள் வடியவிட வேண்டும். உள்ளே போன அளவுக்கு வெளியே வரவில்லை என்றால் நோயாளியை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் புரட்ட வேண்டும். வடிவது கலங்கலாக இருந்தால் கிருமி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், டாக்டரை ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும். ஒரு பகல், ஓர் இரவு, மறுபகல் என்று இது நிற்காமல் நடக்கும். அப்புறம் குழாயை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓய்வு. உப்பும் விஷமும் மறுபடி ரத்தத்தில் ஏறியதும் புதிதாகக் குழாய், முதலிலிருந்து எல்லாம்.

கை இப்படி என்றால் வாய் அதற்கு நேர்மாறு. டாக்டர் நாதன் தமிழர். அவர் அம்மாவோடு டெலிபோனில் பேசியதை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன், “சாப்டீங்களாம்மா” என்று அவ்வளவு பிரியமாகக் கேட்டார். ஆனால் வார்டுக்குள் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வராது. கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லுவார். நோயாளி தமிழில் பதில் சொன்னால், புரிந்துகொண்டே, நான் மொழிபெயர்க்கட்டும் என்று காத்திருப்பார். நான் புதிதாகச் சேர்ந்தபோது புத்தி சொல்வதுபோல எனக்கே சொன்னார், எஸ்டேட் ஆட்களிடம் தமிழில் பேச ஆரம்பித்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் என்று. அவருடைய தாத்தாவும் கப்பலில் வந்தவர்தானே? அதைக் கேட்க அன்று எனக்குத் துணிச்சல் இல்லை, இன்று கேட்கிறேன், அவர் இல்லை.

லூர்து வந்தது எழுபதுகளின் கடைசியில். செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டுபவள். முப்பதுகூட ஆகியிருக்காது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். மூன்றாவது வயிற்றில் இருந்தபோது மலைக்காட்டில் வழுக்கி விழுந்து கரு கலைந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. தோட்டத்து வேன் துரை வீட்டுச் சாமான் எடுக்க டவுனுக்குப் போயிருந்ததாம். அது திரும்பி வரும்வரை லயத்து வரிசை வீட்டின் தரையில் பாய்போட்டுக் கிடந்திருக்கிறாள். எங்களிடம் வந்தபோது உயிர் இருந்தது, சிறுநீர் நின்றுவிட்டது.

டாக்டர் நாதன் சோதித்துவிட்டு, இது விழித்துக்கொள்ளும், நாம் பிடித்து வைத்திருந்தால் போதும் என்றார். அந்த வார்த்தையை நான் லூர்துவின் புருஷன் சூசையிடம் சொன்னபோது, வராந்தாவின் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். காலில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். டாக்டர் வரும்போது எழுந்து நின்று கும்பிடுவார். டாக்டர் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்.

லூர்துவுக்குத் தாகம்தான் பெரிய பாடு. தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிடுவேன். ஒருநாள் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “ஏன் மிஸ்ஸி, வயித்துல இவ்ளோ தண்ணி ஊத்துறீங்க, வாயில ஒரு மொடக்கு ஊத்த மாட்டேங்குறீங்க. என் வாய் என்ன பாவம் பண்ணுச்சு?” நர்ஸுகளை அன்று எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள்.

சாப்பாட்டில் பொட்டாசியம் என்ற உப்பு சேரக்கூடாது. சிறுநீர் போகாத உடம்பில் அது ஏறினால் இருதயம் நின்றுவிடும். டாக்டர் கால்மாட்டில் நின்று சிறுநீரக உணவு என்று ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை சொன்னார். மீதியை நான் புத்தகத்தில் படித்திருந்தபடி சூசையிடம் சொன்னேன். வாழைப்பழம் கூடாது, ஆரஞ்சு கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, காளான் கூடாது, சாக்லேட் கூடாது. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பீடோங்கிலிருந்து அவருடைய மச்சான் ஆரஞ்சு வாங்கி வந்தபோது, வார்டு வாசலிலேயே பறித்துத் திருப்பி அனுப்பினார். அப்படிப்பட்ட மனிதர்.

ஒரு சாயங்காலம் லூர்துவின் கட்டிலில் மாட்டியிருந்த பையில் கொஞ்சம் சிறுநீர் இறங்கியிருந்தது. அடியில் கொஞ்சம்தான், ஆனால் அதைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சூசையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மறுநாள் தோட்டத்துக்கு லீவு. அவர் காலையிலேயே லயத்துக்குப் பின்னால் இருந்த தென்னையில் ஏறியிருக்கிறார்.

நம்மில் யாருக்குச் சிறுநீர் கடுத்தாலும், சொட்டுச் சொட்டாகப் போனாலும், என்ன கொடுப்போம்? உடம்பு சூடு என்போம், இளநீர் கொடுப்போம். குழந்தை முதல் கிழவர் வரை அதுதான் கைவைத்தியம். மனைவிக்குச் சிறுநீர் இறங்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் நன்றாக இறங்கட்டும் என்று அவர் இரண்டு இளநீரை வெட்டி ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்தார். மறைத்துக் கொண்டு வரவில்லை, பட்டப்பகலில் எல்லோர் முன்னிலும் கொண்டுவந்தார். தாகத்தில் துடித்தவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

அன்று எனக்கு மத்தியான வேலை. நான் உள்ளே வந்தபோது லூர்து கை கால் மரத்துப் போகிறது என்றாள். நாடியைப் பிடித்தேன், விட்டு விட்டு அடித்தது. டாக்டர் ஓடி வந்தார். இசிஜி தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஊசிக்கு மேல் ஊசி போட்டார். கடைசியில் கட்டிலில் ஏறி மண்டியிட்டு, நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லித்தான் இறங்கினார். அதை நான் மறுக்க மாட்டேன்.

பிறகு சூசையிடம் அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“ஒன்னும் இல்ல மிஸ்ஸி. நீங்க சொன்ன எதையும் குடுக்கல. இளநிதான் ரெண்டு குடிச்சா. குடிச்சதும் மூஞ்சி நல்லா தெளிஞ்சிருச்சி.”

டாக்டர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார், இவன்தான் இவளைக் கொன்றான் என்று இவனிடம் சொல்.

சூசை என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன், “டாக்டர் ரொம்ப வருத்தப்படுறாருண்ணே. முடிஞ்சதெல்லாம் செஞ்சேன், காப்பாத்த முடியலன்னு சொல்றாரு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்தது. சூசை இரண்டு கையையும் கூப்பி, “நீங்க நல்லா இருக்கணும் டாக்டரய்யா” என்றார். டாக்டர் திரும்பி நடந்தார். எப்போதும் கட்டிலை விட்டு நகர்ந்ததும் கை கழுவும் மனிதர், அன்று கழுவாமலே போனார்.

நான் பின்னாலேயே போய்க் கேட்டேன், இளநீரில் பொட்டாசியம் உண்டு என்று உங்களுக்குத் தெரியுமா என்று. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார். எந்த எல்லோருக்கும்? எனக்குத் தெரியாது. என் புத்தகத்தில் இல்லை. அதை எழுதிய வெள்ளைக்காரனுக்குத் தென்னை மரம் தெரியாது. செமிலிங் தோட்டத்தில் யார் சாக்லேட் தின்றார்கள்? அந்த மக்கள் கையில் என்ன இருக்கும், நோயாளிக்கு எதைக் கொண்டு வருவார்கள் என்று அந்த வார்டில் தெரிந்த ஒரே டாக்டர் அவர். இளநீர் குடித்து வளர்ந்தவர். சூசை நாள்தோறும் அவர் முன்னால் நின்று கும்பிட்டார். இளநீர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அதுவும் தாய்மொழியில், சொல்லியிருந்தால் போதும். தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்களாம்.

இந்த இடத்தில், என் தப்பும் இதில் உண்டு என்று எழுதினால் படிப்பவர்களுக்கு இதமாக இருக்கும், எனக்கும் நல்ல பெயர் கிடைக்கும். எழுத மாட்டேன். எனக்குச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் நான் சொன்னேன். தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாதவர் வேறு ஆள்.

சில மாதம் கழித்து அதே தோட்டத்திலிருந்து கன்னியம்மா என்ற பெண் வந்தாள். லயத்துத் தண்ணீர்த் தொட்டியை யாரும் கழுவுவதில்லை. வாந்தி பேதியில் உடம்பு வற்றி, அவளுக்கும் சிறுநீர் நின்றுவிட்டது. அதே வைத்தியம், அதே பாட்டில்கள். அவளையும் பிடித்து வைத்திருந்தால் போதும். துணைக்கு வந்த அவளுடைய அக்காவிடம் முதல் வேலையாக இளநீரைப் பற்றிச் சொன்னேன். அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

“என்னா மிஸ்ஸி இப்படி சொல்றீங்க? லூர்து கடைசியா நிம்மதியா போனதே இளநி குடிச்சித்தான்னு சூசண்ணன் சொல்லிக்கிட்டு இருக்காரு. லீவு அன்னிக்கு லோரியில வர்ற அத்தன பேரும் கொண்டாறாங்க.”

ஒரு லோரி ஆட்களையும் நான் ஒருத்தி எப்படித் தடுப்பது? கூட்டத்தில் யாராவது ஒருவர் ஆசையாக ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தால் போதும். டாக்டர் நாதனிடம் போய், நீங்கள் தோட்டத்துக்கு வந்து சொன்னால் கேட்பார்கள் என்றேன். அது என் வேலை இல்லை, அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடு என்றார். ஆங்கிலத்தில்தான்.

லீவுக்கு முதல் நாள் பஸ் பிடித்து நானே போனேன். நேராகச் சூசையின் வீட்டுக்குத்தான் போனேன். ஊருக்குச் சொல்லாமல் இருந்தால் கன்னியம்மா போய்விடுவாள். சொன்னால், தான் கொடுத்த இளநீர்தான் லூர்துவைக் கொன்றது என்று சூசைக்குத் தெரிந்துவிடும். முதலில் அவரிடம் தனியாக, மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நினைத்தது எங்கே நடந்தது? என்னைக் கண்டதும் அவர் வாசலில் நின்று லயம் முழுக்கக் கேட்கும்படி, “நம்ம லூர்த பாத்துக்கிட்ட மிஸ்ஸி வந்திருக்காங்க” என்று கூப்பிட்டுவிட்டார். ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நாற்காலி கொண்டுவந்து போட்டார். போட்டுவிட்டுப் பின்பக்கம் போய், ஓர் இளநீரைச் சீவி என் கையில் கொடுத்தார்.

அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சிறுநீர் நின்று போனவர்களுக்கு இளநீர் விஷம், இருதயத்தை நிறுத்திவிடும், கன்னியம்மாவுக்கு யாரும் கொண்டு வராதீர்கள் என்றேன். எல்லோரும் முதலில் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சூசையைப் பார்த்தார்கள்.

அவர் அழுவார், என்மேல் பாய்வார் என்று நினைத்தேன். அவர் கத்தியைத் துணியில் துடைத்துக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், “மிஸ்ஸி, இது இப்ப புதுசா கண்டுபுடிச்சதா? இல்ல, லூர்து இருக்கும்போதே தெரியுமா?”

இந்தத் தடவை பொய் சொல்ல என்னால் முடியவில்லை. “எனக்குத் தெரியாதுண்ணே. டாக்டருக்குத் தெரியும்” என்றேன்.

“அவரு நம்ம ஆளுதானே.”

“ஆமாண்ணே.”

“தமிழ் தெரியும்தானே.”

தெரியும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். பெண்கள் என்னை பஸ் நிற்கும் இடம் வரை கொண்டுவந்து விட்டார்கள்.

மறுநாள் லோரி வந்தபோது சூசை பின்பலகையில் நின்றுகொண்டிருந்தார். ஏறும்போதே ஒவ்வொருவர் பையையும் பார்த்திருக்கிறார். லோரியில் ஒரே ஓர் இளநீர்தான் வந்தது. அது அவர் கையில் இருந்தது. நேராக வார்டுக்குள் வந்து கன்னியம்மாவின் கட்டிலருகே நின்றார். டாக்டர் நாதன் லீவு நாளிலும் வரக்கூடியவர், அப்போதுதான் கால்மாட்டில் வந்து நின்றார். இந்தத் தடவை சூசை கும்பிடவில்லை.

“டாக்டரய்யா, இத இந்தக் கட்டிலுக்குக் குடுக்கலாமா, கூடாதா?”

டாக்டர் என் பக்கம் திரும்பினார், மொழிபெயர் என்பதுபோல. நான் குனிந்து கிளிப்பைச் சரி செய்ய ஆரம்பித்துவிட்டேன். கிளிப் சரியாகத்தான் இருந்தது.

“மிஸ்ஸிய கேக்கல. உங்களத்தான் கேக்குறேன். குடுக்கலாமா, கூடாதா?”

வடிகிற தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது.

“கூடாது” என்றார் டாக்டர்.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்கய்யா. அந்தக் கோடியில நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்.”

“இளநீர் கொடுக்கக் கூடாது” என்றார் அவர், வார்டு முழுக்கக் கேட்கும்படி, நல்ல தமிழில். யாரும் அவர் தலைமேல் ஏறி உட்காரவில்லை. சூசை இளநீரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கன்னியம்மா பிழைத்து, நடந்து வீட்டுக்குப் போனாள். திரையில் அறியாமை என்று எழுதினீர்களே, அது யாருடையது என்றும் கூடவே எழுதுங்கள். கன்னியம்மா படுத்திருந்த கட்டில் லூர்து படுத்திருந்த அதே கட்டில். டாக்டர் நின்றதும் அதே கால்மாடு. கூடாது என்ற அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.